அறிவு மூலதனம்: நெல்லைப் பக்கம் தொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்வா கடை, அரிசி ஆலை, காற்றாலைப் பராமரிப்பு, அச்சகம், சின்ன மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் என்று பல பக்கமிருந்தும் வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். யார் எப்படிக் கேட்டாலும் அடியில் இருக்கிற பயம் ஒன்றுதான்: வேலை தெரிந்த ஆள் நாளைக்கு வராமல் போனால் என்ன செய்வது? அந்தப் பயம் நியாயமானது, அதனால் அதை நேராகவே எடுத்துக்கொள்வோம்.

அறிவு மூலதனம் என்கிறார்களே, அது என்ன?

உங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்தது எல்லாம்தான். அதே கட்டடம், அதே இயந்திரம், அதே முதல் போட்டு இன்னொருவர் ஆரம்பித்தாலும் உங்கள் அளவுக்கு ஓட மாட்டேன் என்கிறது என்றால், அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான். இதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஆட்களின் தலையிலும் கையிலும் இருப்பது மனித மூலதனம். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் கடையிலேயே தங்குகிற குறிப்பேடு, வேலை முறை, கம்ப்யூட்டரில் இருக்கிற விவரம், பதிவு செய்த வணிகப் பெயர் எல்லாம் கட்டமைப்பு மூலதனம். வாடிக்கையாளர், சரக்கு தருபவர், வங்கி என்று வெளியே இருக்கிற பழக்கமும் நம்பிக்கையும் உறவு மூலதனம்.

இந்தப் பெயர் உலகத்தில் பரவியது 1990களில். ஸ்வீடனில் ஸ்காண்டியா என்ற காப்பீட்டு நிறுவனம் 1991இல் லெய்ஃப் எட்வின்சன் என்பவரை இதற்கென்றே ஓர் இயக்குநராகப் போட்டது, 1994இல் ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்குத் தனி இணைப்பும் வெளியிட்டது. நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்கிற ஆளுக்கு நம்ம ஆலை முதலாளிகள் கூடுதல் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான்.

அப்படியானால் கணக்குப் புத்தகத்தில் ஏன் வருவதில்லை?

வரக் கூடாது என்று விதியே இருக்கிறது. இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் ஏ.எஸ். 26, இண்ட் ஏ.எஸ். 38 இரண்டுமே, நீங்களே வளர்த்த நற்பெயரையும் வணிகப் பெயரையும் சொத்தாகக் காட்ட விடுவதில்லை. காசு கொடுத்து இன்னொருவரிடம் வாங்கினால் காட்டலாம். ஆளுக்குப் பயிற்சி கொடுத்த செலவு அந்த வருஷச் செலவிலேயே போய்விடும். விலையை நம்பகமாக அளக்க முடியாததை ஏட்டில் ஏற்ற வேண்டாம் என்பது அந்த விதியின் நியாயம், அதில் தப்பில்லை.

ஆனால் இதனால் ஒரு கெடுதல் நடக்கிறது. புது கிரைண்டர் வாங்கினால் சொத்து கூடியது போலத் தெரிகிறது, ஓர் ஆளை ஆறு மாதம் உட்கார வைத்துத் தொழில் பழக்கினால் லாபம் குறைந்தது போலத் தெரிகிறது. மார்ச் மாதம் ஆடிட்டர் காட்டுகிற தாளை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் முதலில் வெட்டுவது பயிற்சியைத்தான்.

எங்களிடம் பத்துப் பேர்தான் வேலை பார்க்கிறார்கள். எங்களுக்கு இது தேவையா?

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் போனால் பக்கத்து மேசைக்காரர் சமாளிப்பார். பத்துப் பேரில் ஒருவர் போனால் சில சமயம் ஒரு வேலையே நின்றுவிடும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு தாளை எடுத்து இடது பக்கம் வேலைகளை எழுதுங்கள், எதிரே அதைத் தனியாகச் செய்து முடிக்கத் தெரிந்தவர்களின் பெயரை எழுதுங்கள். “ஓரளவு தெரியும்” என்பவரின் பெயர் வேண்டாம். எந்த வேலைக்கு எதிரே ஒரே பெயர் இருக்கிறதோ, அதுவும் நின்றால் வியாபாரமே நிற்கும் வேலையாக இருக்கிறதோ, அங்கே ஆரம்பியுங்கள். பல முதலாளிகளுக்கு இந்தத் தாள் அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அந்த ஒற்றைப் பெயர் பாதி இடங்களில் அவர்களுடையதாகவே இருக்கும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு எடுத்துச் செய்பவர்களை நினைத்துப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கிற சீசனில் ஒரு இயந்திரம் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம், அப்போது கோபுரத்தின் மேல் புது ஆளை ஏற்றிச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எந்த இயந்திரம் எந்த மாதிரிச் சத்தம் போட்டால் எந்தப் பாகம் போகப்போகிறது என்று மூத்த டெக்னீஷியனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்றால், அதை இளையவருக்குப் பழக்க வேண்டியது காற்று ஓய்ந்த மாதங்களில். அரிசி ஆலைக்கு கார் நெல்லும் பிசான நெல்லும் வந்து குவிகிற நாட்களை விட்டுவிட்டு இடையில் பாருங்கள். அல்வா கடைக்கு தீபாவளிக்கு முந்தின மாதம் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் போதாதா?

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதிகூட யாரும் எழுதுவதில்லை, முதலில் அதை எழுதுங்கள். ஆனால் எழுத்து ஓர் இடத்தோடு நின்றுவிடும்.

அல்வாவையே எடுத்துக்கொள்வோம். சம்பா கோதுமையை ஊற வைத்து, ஆட்டி, பால் எடுத்து, தெளிய விட்டு, மேலே நிற்கிற தண்ணீரை இறுத்துவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது வரை அளவோடு எழுதிவிடலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பால் எப்போது சரியாகப் புளித்தது, துடுப்பு எந்த இடத்தில் கனக்க ஆரம்பிக்கிறது, நெய் கக்கத் தொடங்கியதும் அடுப்பை எவ்வளவு தணிப்பது, மழை நாளில் என்ன மாற்றுவது என்பதெல்லாம் மாஸ்டரின் கையில் இருக்கிறது. கேட்டால் “பதம் பார்த்து இறக்கணும்” என்பார். மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள், அதற்கு மேல் அவருக்கே வார்த்தை கிடையாது. பத்தமடையில் கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நூல் மாதிரிக் கிழித்துப் பாய் நெய்கிற பெண்களிடம் எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்க வேண்டும் என்று கேட்டாலும் விரலைத்தான் காட்டுவார்கள். மைக்கேல் போலன்யி என்கிற அறிஞர் 1960களில் இந்த மாதிரி அறிவைப் பற்றியே எழுதினார்: நமக்குத் தெரிந்தது நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்பது அவர் கண்டது.

இது ஏதோ பலகாரத்துக்கும் பாய்க்கும் மட்டும் உள்ள விஷயம் என்று எண்ண வேண்டாம். நம்ம மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கிற விகாஸ் என்ற ராக்கெட் என்ஜினின் கதையைக் கேளுங்கள். 1974இல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இந்தியா ஓர் ஒப்பந்தம் போட்டது. அவர்களுடைய வைக்கிங் என்ஜின் தொழில்நுட்பத்துக்குக் கைம்மாறாக நம் பொறியாளர்கள் அங்கே போய் நூறு ஆள்-ஆண்டு அளவுக்கு (ஓர் ஆள் ஒரு வருஷம் செய்கிற வேலை ஓர் ஆள்-ஆண்டு) வேலை செய்து கொடுப்பது என்று ஏற்பாடு. நம்பி நாராயணன் தலைமையில் போனவர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்தே வரைந்தார்கள், சோதித்தார்கள், பழுதுகளைத் துருவினார்கள். 1985இல் இந்தியாவில் செய்த என்ஜினை பிரான்ஸில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது அது வேலை செய்தது. இன்றைக்கு பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது அதன் வழித்தோன்றல்தான். வரைபடங்களை மட்டும் விலைக்கு வாங்கி வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இந்தப் பாகம் ஏன் இத்தனை தடிமன், இந்த அளவை ஏன் மாற்றினார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில், பழுது பார்க்கும்போது கூட நின்றவனுக்குத்தான் தெரியும்.

அதனால் எழுத முடிவதை எழுதுங்கள்: அளவு, வரிசை, யாரிடம் வாங்குகிறோம், எந்த இயந்திரத்துக்கு எப்போது என்ன மாற்றினோம், எதைச் செய்து பார்த்துக் கெட்டுப்போனது. கடைசியாகச் சொன்னதைத் தவற விடாதீர்கள், ஒரே தப்பை மூன்று தலைமுறை மேலாளர்கள் மூன்று முறை காசு கட்டிப் படிக்கிற இடங்கள் நிறைய. எழுத முடியாததற்குப் பக்கத்தில் ஆளை நிறுத்துங்கள். நடுவில் செல்போன் வீடியோ நன்றாக உதவும், முகத்தை விட்டுவிட்டுக் கையை எடுங்கள், அவர் பேசுகிற பேச்சிலேயே பேச விடுங்கள். “ஏல, இப்பம் பாரு, இப்பிடி சுண்டுது பாத்தியா” என்று அவர் சொல்கிற அந்த நொடியில் இருக்கிற பாடத்தை யாரும் திருத்தி எழுத வேண்டியதில்லை.

சொல்லிக் கொடுத்தால் எதிரிலேயே கடை போட்டுவிட மாட்டானா?

போடலாம். இதைப் பூசி மெழுகப் போவதில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. “வேலையை விட்டபின் மூன்று வருஷம் இதே தொழில் செய்ய மாட்டேன்” என்று எழுதி வாங்கி வைத்திருக்கிற பத்திரம் நீதிமன்றத்தில் பெரும்பாலும் நிற்காது. தொழிலை நற்பெயரோடு விற்றவர், வாங்கியவருக்குப் போட்டியாகப் பக்கத்தில் தொடங்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்வது வேறு, அதற்கு விலக்கு உண்டு. வாடிக்கையாளர் பட்டியலையோ கலவை விகிதத்தையோ வெளியே சொல்லக் கூடாது என்கிற ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்கு மதிப்பு உண்டு, நல்ல வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். ஆனால் எது ரகசியம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், அதை நீங்களும் ரகசியமாகவே வைத்திருக்க வேண்டும். பொதுவாக ஒருவர் கையில் ஏறிவிட்ட தொழில் திறமையை யாரும் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. அது அவருடைய பிழைப்பு.

இப்போது தொழில் பக்கமாக யோசியுங்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற அண்ணாச்சி கடைகளில் எத்தனையோ கடைகள், நம்ம பக்கத்துப் பையன்கள் ஒரு கடையில் பொட்டலம் கட்டக் கற்று, கணக்குக் கற்று, சில வருஷத்தில் முதலாளி கைகொடுக்கத் தனியாகப் போட்டவை. அந்த முதலாளிகள் ஏமாளிகள் இல்லை. தனியாகப் போனவன் மொத்தச் சரக்கை இவரிடமே எடுத்தான், அவசரத்துக்குக் கைமாற்று நடந்தது, ஊரிலிருந்து அடுத்த பையனை அவனே அனுப்பி வைத்தான். போகிறவனை எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் அவன் போட்டியாளன் ஆவானா உறவாவானா என்பது இருக்கிறது. வருஷம் பூராவும் மனம் நோகப் பேசிவிட்டு, தீபாவளி போனஸில் கை வைத்துவிட்டு, அவன் போனதும் “சொல்லிக்கொடுத்தது தப்பு” என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூத்த ஆள் யாருக்கும் சொல்லித் தர மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

ஏன் சொல்ல வேண்டும் என்று அவர் இடத்தில் நின்று பாருங்கள். இருபது வருஷம் அடுப்படியில் வெந்தவர். அவருக்கு இருக்கிற ஒரே பிடி அந்தத் தொழில் நுணுக்கம். அதை இளைஞன் கையில் கொடுத்த மறுமாதம் “அண்ணாச்சி, நீங்க ஓய்வு எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயப்படுகிறார், அப்படிச் சொன்ன முதலாளிகளை அவர் பார்த்தும் இருப்பார்.

அந்தப் பயத்தை வாயால் போக்க முடியாது, ஏற்பாட்டால்தான் போக்க முடியும். சொல்லிக் கொடுப்பதை அவருடைய வேலையில் ஒரு பங்காக ஆக்கி அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இரண்டாவது ஆள் தேறினபிறகும் இவர் சம்பளம் குறையாது, கண்காணிப்பவராக இருப்பார் என்று எழுத்தில் கொடுங்கள். யாருக்குச் சொல்லித் தருவது என்பதை அவரிடமே விடுங்கள், நீங்கள் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளைவிட அவரே “அந்தப் பய பரவாயில்ல” என்று சொல்கிற ஆள் வேகமாகக் கற்பான். உங்கள் மருமகனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

ஓய்வு பெறப்போகிறவர்கள் விஷயத்திலும் இதேதான். கடைசி மாதத்தில் மாலையும் கையுமாக நின்றுகொண்டு “உங்க அனுபவத்தை எல்லாம் எழுதிக் கொடுங்க சார்” என்று கேட்பது அவரை அவமதிப்பது போல. ஒரு வருஷம் முன்பே பக்கத்தில் ஆள் போடுங்கள்.

ரகசியம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்கிறார்.

கலவை விகிதம் மாதிரி ஒன்றிரண்டு விஷயம் குடும்பத்துக்குள் இருப்பதில் தவறில்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்கு? பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருந்தால் அந்த ரகசியம் அப்பாவோடு போய்விடும். குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியட்டும், அதில் ஒருவர் தினமும் பட்டறையில் நிற்பவராக இருக்கட்டும். மகள்களையும் மருமகள்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காமலே பேசுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, பல வீடுகளில் பக்குவம் தெரிந்தவர்களே அவர்கள்தான்.

வாடிக்கையாளர் விவரம் முழுக்க லைன் போகிற பையனின் செல்போனில் இருக்கிறது. ஆபத்தா?

பெரிய ஆபத்து. சுரண்டையில் எந்தக் கடைக்காரர் வியாழக்கிழமை போனால்தான் பணம் தருவார், கடையநல்லூரில் யார் ரம்ஜான் மாதத்தில் இரட்டிப்பாக எடுப்பார், பாவூர்சத்திரத்தில் யாருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்பதெல்லாம் அவனுக்கு மட்டும் தெரிகிறது என்றால், கடைக்காரர்கள் உங்களுடைய வாடிக்கையாளர்கள் இல்லை, அவனுடையவர்கள். கடை பெயரில் சிம் வாங்கிக் கொடுங்கள், ஆர்டரெல்லாம் அந்த எண்ணுக்கு வரட்டும், அப்புறம் மாதம் ஒரு நாள் நீங்களோ இன்னொருவரோ கூடவே லைனுக்குப் போய் முகம் காட்டுங்கள். சந்தேகப்பட்டுப் போவது போல இல்லாமல், முதலாளி நம்மைத் தேடி வந்திருக்கிறார் என்று கடைக்காரர் சந்தோஷப்படுகிற மாதிரி போங்கள்.

பதிவு, காப்புரிமை என்கிறார்களே, எது எங்களுக்குப் பொருந்தும்?

கடைப் பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக் குறிப் பதிவு. பத்து வருஷம் செல்லும், விடாமல் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஊர்ப் பெயரையும் பண்டத்தின் பெயரையும் மட்டும் சேர்த்து ‘திருநெல்வேலி அல்வா’ என்று ஒருவர் தனக்கே எடுத்துக்கொள்ளப் பொதுவாக முடியாது, உங்களுக்கென்று தனியான பெயர் வேண்டும். பெயர் பிரபலமான பிறகு பதியலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், அதற்குள் அதே மாதிரிப் பெட்டியில் அதே மாதிரி எழுத்தில் நாலு கடை வந்துவிடும்.

புதிதாக ஒரு கருவி கண்டுபிடித்திருந்தால் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருஷம். ஆனால் அதற்கு நுட்பத்தை முழுக்க வெளிப்படுத்த வேண்டும். பரம்பரை அறிவுக்குக் காப்புரிமை கிடையாது. உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய மென்பொருள், கையேடு, வரைந்த படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் நிறுவனம்தான். வெளியே காசு கொடுத்துச் செய்து வாங்கியதற்கு இது தானாகப் பொருந்தாது, உரிமையை எழுத்தில் மாற்றி வாங்க வேண்டும். இணையதளம் செய்யக் கொடுக்கிறவர்கள் இதில் நிறைய அடிபடுகிறார்கள்.

புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பண்டத்துக்கு அந்த ஊர்ப் பெயரில் தருகிற பதிவு, வேறு வகை. பத்தமடைப் பாய்க்கு இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. அது ஒரு கடையின் சொத்து கிடையாது, அந்தப் பகுதி உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது. பயன்படுத்த நினைப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும், இதைச் செய்யாமலே பலர் இருந்துவிடுகிறார்கள்.

எழுத்தில் இருப்பதற்கு என்ன பலம் என்பதற்கு ஓர் உதாரணம். மஞ்சளால் புண் ஆறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பு போய் இது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி என்று பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது. வீட்டுக்கு வீடு பாட்டிமார் செய்தார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த வழக்கு அவ்வளவு லேசாக முடிந்திருக்காது.

இங்கே படித்த பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விடுகிறார்கள். ஆளுக்கு எங்கே போவது?

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே பழக்கி வேலைக்கு வைத்துக்கொள்கிற பள்ளியை அந்த நிறுவனம் 2005இலிருந்து நடத்துகிறது. தயாராக வந்த ஆளைத் தேடாமல் ஆளைத் தயாராக்குவது என்கிற அந்த வழியை உங்கள் அளவில் நீங்களும் பின்பற்றலாம். பேட்டை ஐ.டி.ஐ. மாதிரி இடங்களில் போய்ப் பேசுங்கள். தொழிற்பழகுநர் திட்டத்தில் சேர்ந்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது.

எந்த மென்பொருள் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஒரு தடித்த நோட்டு, எல்லோரும் திறக்க முடிகிற ஒரு கூகுள் டிரைவ் கோப்புறை போதும். ஆறு மாதம் தொடர்ந்து எழுதுகிற பழக்கம் வந்தபின் பார்க்கலாம்.

முன்னேறுகிறோமா என்று எப்படி அளப்பது?

முதலில் எழுதிய அந்தத் தாளிலேயே ஒற்றைப் பெயர்கள் குறைகின்றனவா என்று பாருங்கள். புது ஆள் தனியாக வேலை செய்ய எத்தனை மாதம் ஆகிறது, ஒரே பழுது திரும்ப வருகிறதா, பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் இந்த வருஷமும் வாங்கினார்கள் என்பதும் போதும். ஸ்காண்டியா நிறைய எண்களை வைத்து அளந்தது, ஆனாலும் 2006இல் ஓல்ட் மியூச்சுவல் என்ற இன்னொரு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. அளப்பது கவனத்தைத் திருப்பும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம் யார் பொறுப்பில் விடுவது?

கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் எல்லோரும் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். அவர் மேலாளராக இல்லாமல் இருக்கலாம், கணக்கு எழுதுகிற அக்காவாகவோ பேக்கிங் பகுதியில் நிற்பவராகவோ இருக்கலாம். அவருடைய வழக்கமான வேலையில் தினமும் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். நோட்டு எழுதக் கை வராதவராக இருந்தால், அவர் சொல்லச் சொல்ல எழுத அந்தக் கம்ப்யூட்டர் பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.